பெல்டியர் தகடும் சுழல் கண்ணாடியும்: கண்டுபிடிப்புகளைக் கையால் தொட்டுக் கற்கத் தொடங்குவோருக்கு

கிருஷ்ணகிரியில் அச்சுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால், பர்கூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் பழைய லேசர் பிரிண்டர் கேட்டு என்னிடம் வருவதுண்டு. அவர்களில் பலர் கொண்டுவரும் திட்டம் ஏறத்தாழ ஒன்றே: காவேரிப்பட்டணத்து மல்லிகையைப் பேருந்தில் வாடாமல் கொண்டுசெல்ல, மின்சாரம் தந்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடேறும் பெல்டியர் தகடு பொருத்திய ஒரு சிறு குளிர்ப்பெட்டி. மற்றவர்களுக்கு லேசர் ஒளியை ஓடவிட்டு எதையாவது அளக்கவோ எழுதவோ வேண்டும். இதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்பது இரு தரப்பினரும் முதல் நாளே கேட்கும் கேள்வி. அதற்கு விடை இக்கட்டுரையின் கடைசியில் வருகிறது. அங்கே போவதற்கு முன் இரண்டு பொருள்களையும் கையில் எடுத்து, அவை எங்கே சறுக்குகின்றன என்று பார்த்துவிட வேண்டும். இரண்டிலும் அடிப்படைத் தத்துவம் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த முக்கியமான கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை அந்தத் தத்துவத்தோடு ஒட்டிப் பிறந்த ஒரு குறையை அடக்குவதற்காக எழுந்தவை. குறையைத் தொட்டுப் பார்க்காதவருக்குக் காப்புரிமை ஆவணம் வெறும் சொற்குவியலாகத்தான் தெரியும்.

வாங்க வேண்டியவை

டிஇசி1-12706 என்று எழுதிய பெல்டியர் தகடு இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் போய்விடும். பழைய கணினியிலிருந்து விசிறியோடு கூடிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாளம்) ஒன்று, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று, தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை), மல்டிமீட்டர், கம்பிமுனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஆகியவை தேவை. லேசர் பகுதிக்கு, ஓடாத லேசர் பிரிண்டர் ஒன்றும், 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்றும், வரைபடத்தாளும், கோணமானியும் போதும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதன் பச்சைக் கம்பியைக் கருப்போடு இணைத்தால் அது இயங்கத் தொடங்கும். சிவப்பில் 5 வோல்ட்டும் மஞ்சளில் 12 வோல்ட்டும் கிடைக்கும்.

பெல்டியர் தகடு

தகட்டை முதலில் மின்சாரம் தராமல் சோதியுங்கள். குளிர்ந்த நீர் உள்ள எவர்சில்வர் டம்ளரின் அடிப்புறத்தில் ஒரு முகத்தை ஒட்டி, மறு முகத்தில் உள்ளங்கையை வைத்து, இரு கம்பிகளையும் மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் அளவையில் இணைத்தால் எண் ஏறுவதைக் காணலாம். தகட்டைத் திருப்பி வைத்தால் அதே எண் கழித்தல் குறியோடு வரும். இதுதான் 1821-இல் தாமஸ் யோகான் சீபெக் கண்ட விளைவு. இரு உலோகங்களாலான வளையத்தின் ஓர் இணைப்பைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியதைப் பார்த்த அவர், அதை வெப்பத்தால் உண்டான காந்தம் என்றே கருதினார். உங்கள் தகட்டுக்குள் பி வகை, என் வகைக் குறைகடத்தித் துண்டுகள் 127 இணைகளாக, அதாவது மொத்தம் 254 துண்டுகளாக, மின்சாரத்துக்குத் தொடர் இணைப்பிலும் வெப்பத்துக்குப் பக்க இணைப்பிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு துண்டு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 200 மைக்ரோவோல்ட் தருமானால், முழுத் தகடும் டிகிரிக்கு 50 மில்லிவோல்ட் தரும். மல்டிமீட்டர் காட்டிய எண்ணை 50-ஆல் வகுத்தால், இரு முகங்களுக்கும் இடையே உண்மையில் நிலவிய வெப்பநிலை வேறுபாடு தெரியும். நீங்கள் எதிர்பார்த்ததைவிட அது மிகக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை நினைவில் வையுங்கள். தகட்டின் மெல்லிய உடல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதற்கு அதுவே முதல் சான்று.

அடுத்து மின்சாரம். ஹீட் சிங்க் இல்லாமல் தகட்டுக்கு ஓரிரு நொடிகளுக்கு மேல் மின்சாரம் தரவே கூடாது. என் முதல் தகட்டை மேசையின் மேல் அப்படியே வைத்து 12 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, குளிர்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகம் குளிர்ந்தது. அரை நிமிடத்துக்குள் இரண்டு முகங்களும் சுட்டன. பிறகு தகடு ஒரேயடியாகச் செத்துப்போனது. துண்டுகளை இணைக்கும் பற்று (சால்டர்) உருகியிருக்க வேண்டும். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த பற்றாக இருந்தால் அது 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே, சூடேறும் முகத்தில் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, விசிறி ஓடும் ஹீட் சிங்க்கோடு இறுக்கிய பிறகே 5 வோல்ட்டில் தொடங்குங்கள். திருகுகளை ஒரே பக்கமாக முழுவதும் முறுக்காமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். உள்ளிருக்கும் துண்டுகள் மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்கா.

இப்போது 5 வோல்ட்டில் பத்து நிமிடம், பிறகு 12 வோல்ட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டு, குளிர்முகத்தின் வெப்பநிலையையும் ஹீட் சிங்க்கின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள். அறையின் வெப்பநிலையை எழுதாத அளவீடு எதற்கும் உதவாது. தை மாதத்து ஓசூரில் பனிபோல் குளிர்ந்த பெட்டி, சித்திரை வெயிலில் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் வெறும் பெட்டியாகிவிடும். அதன் காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இக்கருவியின் முழுக்கதையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

குளிர்முகத்திலிருந்து தகடு உறிஞ்சும் வெப்பம் மூன்று பகுதிகளால் ஆனது. மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் அள்ளிச்செல்வது முதல் பகுதி. 1834-இல் பாரிசில், கடிகாரத் தொழிலை விட்டு இயற்பியலுக்கு வந்த ஜான் பெல்டியர் கண்டது இது. தகட்டின் மின்தடையில் பிறக்கும் வெப்பத்தில் பாதி குளிர்முகத்துக்கே திரும்பி வருவது இரண்டாவது. இது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். சூடான முகத்திலிருந்து துண்டுகளின் வழியே கசிந்து திரும்பும் வெப்பம் மூன்றாவது. முதற்பகுதியிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதே உங்களுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி.

கணக்குக்காகத் தகட்டின் மின்தடை 2 ஓம் என்றும், கசிவு டிகிரிக்கு அரை வாட் என்றும், ஹீட் சிங்க் ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி சூடேறும் என்றும் கொள்வோம். அறை 35 டிகிரி, குளிர்முகம் 15 டிகிரி. மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றால் அள்ளிச்செல்வது 43 வாட் (டிகிரிக்கு 50 மில்லிவோல்ட் × குளிர்முகத்தின் 288 கெல்வின் × 3 ஆம்பியர்). மின்தடையால் திரும்புவது 9 வாட். சூடான முகம் ஏறத்தாழ 54 டிகிரியில் நிற்பதால், கசிந்து திரும்புவது 20 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் 14 வாட்டுக்குச் சற்று மேல். அதற்காகச் செலவான மின்சாரம் 24 வாட். மின்னோட்டத்தை இரட்டித்து 6 ஆம்பியர் ஆக்கினால், அள்ளிச்செல்வதும் இரட்டித்து 86 வாட் ஆகிறது. ஆனால் மின்தடையால் திரும்புவது 36 வாட்டாகிவிடுகிறது. ஹீட் சிங்க் மேல் 100 வாட்டுக்கும் அதிகமாகக் கொட்டுவதால் சூடான முகம் 89 டிகிரியைத் தொட்டு, கசிவும் 37 வாட்டாகிறது. மிச்சம் 13 வாட்; செலவு 94 வாட். நான்கு மடங்கு மின்சாரம் கொடுத்து முன்னைவிடக் குறைந்த குளிர்ச்சியை வாங்கியிருக்கிறோம். இன்னும் பெரிய எஸ்எம்பிஎஸ் கேட்டு வருபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். பணம் இருந்தால் ஹீட் சிங்க்கைப் பெரிதாக்குங்கள், மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள்.

பெட்டியாகக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. தகட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர் அளவே என்பதால், வெளியே உள்ள சூடான ஹீட் சிங்க்கும் உள்ளே உள்ள குளிர்ந்த தகடும் ஒன்றையொன்று உரசும் தூரத்தில் நிற்கும். இடையில் ஓர் அலுமினியக் கட்டையை வைத்துத் தூரத்தைக் கூட்டினால்தான் தெர்மோகோலைத் தடிமனாக வைக்க இடம் கிடைக்கும். குளிர்முகத்தில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து துண்டுகளுக்கிடையே இறங்கும் என்பதால், தகட்டின் நான்கு ஓரங்களையும் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள்.

மேலே பார்த்த கணக்கு, இத்துறையின் வரலாற்றையும் விளக்கிவிடுகிறது. பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இணைப்பில் ஒரு துளி நீரை 1838-இலேயே எமில் லென்ஸ் என்ற இயற்பியலாளர் உறைய வைத்துக் காட்டினார். ஆயினும் அடுத்த நூறாண்டுகளில் அதிலிருந்து ஒரு குளிர்பெட்டி கூடப் பிறக்கவில்லை. உலோகம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் வெப்பத்தையும் நன்றாகவே கடத்தும் என்பதால், அள்ளிச்சென்ற வெப்பமெல்லாம் கசிந்து திரும்பிவிட்டது. சீபெக் மதிப்பு (ஒரு டிகிரி வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்) உயர்ந்தும், மின்தடை தாழ்ந்தும், வெப்பக் கடத்தல் மிகத் தாழ்ந்தும் இருக்கும் பொருளே தேவை என்று 1909 முதல் 1911 வரை ஆல்டன்கிர்ச் கணக்கிட்டுச் சொன்னார். அத்தகைய பொருள் குறைகடத்திகளிடையே கிடைத்தது. சோவியத் நாட்டில் ஐயோஃபியின் குழுவும், இங்கிலாந்தில் 1954-இல் பிஸ்மத் டெலுரைடைக் கொண்டு வெப்பநிலையை 26 டிகிரி குறைத்துக் காட்டிய கோல்ட்ஸ்மிடும் வழிதிறந்தார்கள். உங்கள் கையிலிருக்கும் தகட்டில் இருப்பதும் பிஸ்மத் டெலுரைடுதான்; பி வகைத் துண்டில் ஆன்டிமனியும் என் வகையில் செலினியமும் கலந்திருக்கும். அந்தக் கலப்பால் படிக அடுக்கின் ஒழுங்கு குலைந்து வெப்ப அதிர்வுகள் சிதறுகின்றன. மின்னேற்றங்களின் ஓட்டம் அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. 1993-இல் ஹிக்ஸும் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸும் முன்வைத்த மெல்லடுக்குக் கருத்தும் அதைத் தொடர்ந்து வந்த நானோ அமைப்புகளும் தாக்குவது இதே குறையைத்தான்.

ஸ்கேனர் பெட்டி

பிரிண்டரின் மின்கம்பியைப் பிடுங்கி ஒரு நாள் கழித்துத் திறங்கள். எச்சரிக்கை ஒட்டப்பட்ட கருப்புப் பெட்டிதான் லேசர் ஸ்கேனர். அதைத் திறந்தவுடன் முதல் வேலையாக லேசர் டயோடு பொருத்திய சிறு பலகையைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அது 780 நானோமீட்டர் அலைநீளத்தில், ஏறக்குறைய கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். கண் கூசாது, இமை மூடாது, விழித்திரை மட்டும் கருகும். அதை எரியவிட்டுப் பார்க்கும் ஆசையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சமிருப்பவை ஒரு சிறு உருளை லென்ஸ், மோட்டார் மேல் நிற்கும் பல பக்கக் கண்ணாடி, வளைந்து நீண்ட ஒன்றோ இரண்டோ லென்ஸ்கள், ஓரத்தில் ஒரு சிறு ஒளியுணரி. பலபக்கக் கண்ணாடியின் பக்கங்களை விரலால் தொடாதீர்கள். அதன் தலையில் ஒரு காகித முள்ளை ஒட்டி, கீழே 5 டிகிரி இடைவெளியில் கோடிட்ட காகித வட்டத்தை வையுங்கள். லேசர் பாயிண்டரை, டயோடு இருந்த இடத்தில் அசையாமல் கட்டி, ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புமாறு செய்யுங்கள்.

முதலில் வளைந்த லென்ஸை எடுத்துவிட்டு, 1 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். கண்ணாடியை 5 டிகிரி திருப்பினால் ஒளி 10 டிகிரி திரும்பும். எதிரொளிப்பு விதியின் நேர் விளைவு அது. நடுவிலிருந்து முதல் 10 டிகிரிக்குப் புள்ளி 176 மில்லிமீட்டர் நகரும், அடுத்த 10 டிகிரிக்கு 188, அதற்கடுத்ததற்கு 213. கண்ணாடி சீராகச் சுழன்றாலும் புள்ளி ஓரங்களில் வேகமெடுத்து ஓடுகிறது. இப்படியே அச்சிட்டால் பக்கத்தின் ஓரத்து எழுத்துகள் நடுவிலுள்ளவற்றைவிட அகன்று நிற்கும். இப்போது வளைந்த லென்ஸைப் பொருத்தி, வரைபடத்தாளைப் பெட்டிக்கு வெளியே டிரம் (ஒளி விழும் அச்சு உருளை) இருந்த தூரத்தில் நிறுத்தி மறுபடி அளவிடுங்கள். லென்ஸ் 780 நானோமீட்டருக்காக வடிவமைக்கப்பட்டிருப்பதால் சிவப்பொளியில் குவிவு சிறிது பிசகினாலும், படிகள் ஏறத்தாழச் சமமாகிவிடுவது தெளிவாகத் தெரியும். சாதாரண லென்ஸில் தூரம் கோணத்தின் டேஞ்சென்ட்டுக்கு ஏற்ப வளர்கிறது. கோணத்துக்கே நேர்விகிதமாக வளரும்படி வேண்டுமென்றே சிதைத்துச் செய்த லென்ஸ் இது. எஃப்-தீட்டா லென்ஸ் என்பது இதன் பெயர். ஓசூர்த் தொழிற்சாலைகளில் உலோகத்தில் எண் பொறிக்கும் லேசர் மார்க்கிங் இயந்திரத்தின் தலையிலும் இதே வகை லென்ஸைக் காணலாம். அங்கே பலபக்கக் கண்ணாடிக்குப் பதில் முன்னும் பின்னும் அசையும் இரு கால்வனோமீட்டர் கண்ணாடிகள் இருக்கும்.

இரண்டாவது குறை இதைவிட நுட்பமானது. தாள் நொடிக்கு 120 மில்லிமீட்டர் நகர்ந்து, அங்குலத்துக்கு 600 கோடுகள் விழவேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 2,835 கோடுகள் தேவை. ஆறு பக்கக் கண்ணாடி என்றால் நிமிடத்துக்கு 28,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள். இரு கோடுகளுக்கு இடையே 42 மைக்ரான். கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் 10 விகலை, அதாவது ஒரு டிகிரியின் 360-இல் ஒரு பங்கு, மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், 300 மில்லிமீட்டர் தள்ளி விழும் புள்ளி 29 மைக்ரான் விலகிவிடும். அது கோட்டிடைவெளியில் பாதிக்கு மேல்; ஒவ்வொரு ஆறாவது கோடும் தவறிய இடத்தில் விழும். லேசர் பிரிண்டரை உருவாக்கிய சீராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர் எதிர்கொண்டது இதைத்தான். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடியைக் கடைந்தெடுப்பது விலையில் கட்டுப்படியாகாது. உருளை லென்ஸைக் கொண்டு அவர் அதைத் தாண்டினார். அவருடைய வழியில் பிறந்த 9700 என்ற இயந்திரம் 1977-இல் நிமிடத்துக்கு 120 பக்கம் அச்சிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் பெட்டியிலேயே பார்க்கலாம். சிறு உருளை லென்ஸின் வழியே பாயிண்டரைச் செலுத்தி, கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், விழுவது வட்டப்புள்ளியாக இராமல் படுக்கைவாட்டுக் கோடாக இருக்கும். உயரவாட்டில் மட்டும் ஒளி கண்ணாடியின் பரப்பிலேயே குவிக்கப்படுகிறது. அங்கிருந்து கிளம்பும் ஒளியைப் பின்னால் உள்ள லென்ஸ்கள் மறுபடி டிரம் மேல் குவிக்கின்றன. ஒரு பொருளின் பிம்பம், பொருளிலிருந்து கதிர்கள் எந்தச் சாய்வில் கிளம்பினாலும் அதே இடத்தில்தான் விழும் அல்லவா? கண்ணாடிப் பரப்பையே பொருளாக்கிவிட்டதால், அது சற்றுச் சாய்ந்தாலும் கோடு இடம் மாறுவதில்லை. விலை குறைந்த கண்ணாடியின் பிழையை, அதைவிட விலை குறைந்த ஒரு லென்ஸ் விழுங்கிவிடுகிறது. பழுதுபார்க்கும் மேசையில் எத்தனை முறை இப்பெட்டியைத் திறந்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. ஓரத்திலுள்ள ஒளியுணரியின் வேலை, ஒவ்வொரு கோடும் எந்த நொடியில் தொடங்குகிறது என்று சொல்வது மட்டுமே.

இரண்டு துறைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. குறைகடத்தி லேசர் சூடேறினால் அதன் அலைநீளம் நகரும். 780 நானோமீட்டர் வகையில் டிகிரிக்குக் கால் நானோமீட்டர் அளவு. பிரிண்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். பல அலைநீளங்களை நெருக்கமாக அடுக்கி அனுப்பும் நெடுந்தூரக் கண்ணாடியிழைத் தொடர்பு பொறுத்துக்கொள்ளாது. ஆகவே அந்த லேசர்களின் உறைக்குள் நகத்தளவு பெல்டியர் தகடு ஒன்றும் வெப்பமுணரி ஒன்றும் உட்கார்ந்திருக்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் குளிர்வித்த தகடே சூடேற்றும் என்பதால், வெப்பநிலையை இருபுறமும் பிடித்து நிறுத்த முடிகிறது. ஆற்றல் சிக்கனத்தில் கம்ப்ரஸரிடம் தோற்கும் இத்தகடு, இப்படிப்பட்ட சிறு இடங்களில்தான் தோற்கடிக்க முடியாததாக இருக்கிறது.

காப்புரிமை ஆவணங்கள்

இப்போது தேடத் தொடங்கலாம். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசத் தேடல் தளங்கள். இந்திய ஆவணங்களுக்குக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம் உண்டு. சொல்லைக் கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும் என்பதால் வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேடுங்கள். பலபக்கக் கண்ணாடி ஸ்கேனர்களுக்கு ஜி02பி 26/12. பெல்டியர் குளிர்விப்பான்களுக்கு எஃப்25பி 21/02. வெப்பமின் சாதனங்களுக்கு எச்10என் 10. கடைசியாகச் சொன்னதன் பழைய ஆவணங்கள் எச்01எல் 35 என்ற எண்ணின் கீழ் இருக்கும். ஓர் ஆவணத்தில் முதலில் பின்னணிப் பகுதியைப் படித்து, எந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரே கடைசிக்குப் போய் முதல் உரிமைக்கோரிக்கையைப் படியுங்கள். சட்டம் காப்பது அந்தக் கோரிக்கையைத்தான்; படங்களும் விளக்கமும் அதைப் புரியவைக்கத் துணைசெய்பவை.

பழகுவதற்கு, உட்லண்டும் சில்வரும் 1949-இல் விண்ணப்பித்து 1952-இல் பெற்ற பார்கோடு காப்புரிமையான அமெரிக்க எண் 2,612,994 நல்ல தொடக்கம். லேசர் பிறப்பதற்கு முந்தைய அந்தக் கருவிக்கு வெறும் மின்விளக்கே ஒளி தந்தது. 1960-இல் லேசர் வந்து, சுழலும் கண்ணாடியோடு கடை மேசைக்குள் அடங்கி, 1974 ஜூன் 26 அன்று ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரில் முதல் சூயிங்கம் பொட்டலத்தின் மேல் ஒளி ஓடியபோது, அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையையே செய்யும்படி வெறுமனே அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எஃப் உட்பிரிவில் சொல்கிறது. தெர்மோகோல் பெட்டி, பெல்டியர் தகடு, விசிறி, தெர்மோஸ்டாட் சேர்ந்த மல்லிகைப் பெட்டி, அப்படியே இருக்கும்வரை, இதில்தான் மாட்டும். உண்மையிலேயே புதிதாக ஒன்று கைப்பட்டால், கல்லூரிக் கண்காட்சியில் வைப்பதற்கும் யூடியூபில் ஏற்றுவதற்கும் முன்பாகவே தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட வேண்டும். முழு விவரக்குறிப்பை அடுத்த 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம். காப்புரிமையின் ஆயுள் தாக்கல் நாளிலிருந்து 20 ஆண்டுகள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தாக்கலை இணையத்திலேயே செய்துவிடலாம்.

புதிதாக என்ன கைப்படும் என்பதற்கு நோட்டில் இன்னும் ஓர் அளவீட்டைச் சேருங்கள். பெட்டி நன்றாகக் குளிர்ந்தவுடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை உள் வெப்பநிலையை எழுதுங்கள். பிறகு தகடு இருந்த துளையைத் தெர்மோகோலால் அடைத்து, அதே பெட்டியைப் பனிக்கட்டியால் அதே அளவுக்குக் குளிர்வித்து, பனிக்கட்டியை எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இரு வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடு, ஓய்ந்திருக்கும் தகட்டின் வழியே சூடான ஹீட் சிங்க்கிலிருந்து உள்ளே கசியும் வெப்பம். பேருந்து பாலக்கோட்டில் நிற்கும்போது மின்சாரமும் நின்றால், பூவை வாட்டப்போவது அதுதான். அதைத் தடுக்க ஒரு வழி தோன்றினால், எஃப்25பி 21/02-இன் கீழ் அதே வழியை யாரேனும் முன்பே எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.